எச்.எஸ்.ஏ. கணக்கு: முதல் முறை எடுப்பவர்களுக்கு

அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களுக்கு வருடக் கடைசியில் கம்பெனியிலிருந்து மெயில் வரும்: அடுத்த வருட இன்ஷூரன்ஸைத் தேர்ந்தெடுங்கள் என்று. பிரீமியம் குறைந்த பிளானுக்குப் பக்கத்தில் எச்.எஸ்.ஏ. என்று போட்டிருக்கும். மருத்துவச் செலவுக்கென்று வரிச் சலுகையோடு பணம் சேர்த்து வைக்கும் கணக்கு (ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுன்ட்) அது. டிடக்டிபிள் தொகையைப் பார்த்துப் பயந்து முதல் இரண்டு வருடம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

டிடக்டிபிள் என்றால், இன்ஷூரன்ஸ் பணம் தர ஆரம்பிக்கும் முன் நம் கையிலிருந்து போக வேண்டிய தொகை. 2026-ல் கம்பெனி பிளானில் அது தனிநபருக்குக் குறைந்தது 1,700 டாலர், குடும்பத்துக்கு 3,400 டாலர் இருந்தால்தான் எச்.எஸ்.ஏ. போட முடியும். நெட்வொர்க்கில் (இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டவர்கள் பட்டியலில்) உள்ள டாக்டரிடம் போடும் தடுப்பூசி, வருடாந்திர செக்கப் இதில் சேராது. அவற்றுக்கு நாம் பணம் கட்ட வேண்டாம்.

1. முதலில் பேப்பரில் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, பழைய பிளானின் பிரீமியம் மாதம் 220, இது 90. வருடத்துக்கு 1,560 டாலர் மிச்சம். கம்பெனி கணக்கில் 500 போட்டால் 2,060. டிடக்டிபிள் 1,500 டாலர் கூடுதல் என்றாலும் நமக்கு நஷ்டமில்லை. ஆனால் அதற்கு மேல் பில் ஏறினால் நம் பங்கு எதுவரை போகும் என்ற உச்ச வரம்பையும் பாருங்கள். மாதாமாதம் விலையுயர்ந்த மருந்து வாங்குபவர்கள் அவசரப்பட வேண்டாம்.

2. மனைவியோ கணவனோ அவர்கள் ஆபீசில் சாதாரண எஃப்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்குச் சம்பளத்தில் பணம் ஒதுக்கும் இன்னொரு வகைக் கணக்கு) எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்தப் பணம் உங்கள் செலவுக்கும் பயன்படும் என்பதால், அது இருக்கும்வரை உங்களால் எச்.எஸ்.ஏ.-வில் பணம் போட முடியாது. நிறைய பேர் மாட்டுவது இங்கேதான்.

3. பணத்தைச் சம்பளத்திலேயே பிடிக்கச் சொல்லுங்கள். வருமான வரியோடு சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமான 7.65 சதவீதமும் மிச்சம். பேங்கிலிருந்து நீங்களே போட்டால் வருமான வரிச் சலுகை மட்டும்தான். 2026-க்கான வரம்பு தனிநபருக்கு 4,400, குடும்பத்துக்கு 8,750. கம்பெனி போடுவதும் இதில் அடக்கம். கலிஃபோர்னியாவும் நியூ ஜெர்சியும் மாநில வரியில் சலுகை தருவதில்லை.

4. டாக்டர் ஆபீஸ் கவுன்டரில் உடனே கார்டைத் தேய்க்காதீர்கள். பையனுக்குக் காதுவலி என்று போனபோது கேட்ட 310 டாலரை அங்கேயே கட்டினேன். இன்ஷூரன்ஸ் விவரச் சீட்டு வந்தபோது நெட்வொர்க் விலை 168 என்று இருந்தது. மீதியைத் திரும்ப வாங்க இரண்டு மாதம் போன் செய்தேன். கிளெய்ம் முடிந்து சீட்டு வரட்டும், அப்புறம் கட்டுங்கள்.

5. ரசீதை போட்டோ எடுத்து வையுங்கள். இன்று கைக்காசைக் கொடுத்துவிட்டு, பல வருடம் கழித்துக்கூட எச்.எஸ்.ஏ.-விலிருந்து எடுத்துக்கொள்ளலாம், செலவு கணக்கு திறந்த பிறகு நடந்திருந்தால் போதும். லீவில் ஊருக்குப் போய் சென்னையில் செய்த ரூட் கெனால்கூடச் செல்லும். விசிட்டர் விசாவில் வந்த அப்பா அம்மாவின் பில் செல்லாது. வரிக் கணக்கில் பொதுவாக அவர்கள் நம் டிபென்டென்ட் (நம்மைச் சார்ந்தவர்) இல்லை. மருத்துவம் அல்லாத செலவுக்கு எடுத்தால் வரியோடு 20 சதவீத அபராதம். 65 வயதுக்குப் பிறகு வரி மட்டும்.

வருடம் முடிந்தால் பணம் காலாவதி ஆகாது, வேலை மாறினாலும் கூடவே வரும்.

6. வரி ஃபைல் செய்யும்போது 8889 படிவத்தை நிரப்ப வேண்டும். கம்பெனி தரும் வருடச் சம்பளப் படிவமான டபிள்யூ-2-வில் 12-ம் கட்டத்தில் 'டபிள்யூ' என்ற குறியோடு இருக்கும் தொகையை மறுபடி கழிக்காதீர்கள். சம்பளத்தில் ஏற்கெனவே கழித்தாகிவிட்டது.