அலாஸ்காவில் மலிவாக நிலம் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஐந்து ஏக்கர், பின்னணியில் பனிமலை, பக்கத்தில் ஓடை, விலையோ ஒரு பழைய கார் வாங்கும் காசு. அலாஸ்கா நில விளம்பரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். வேலையை விட்டுவிட்டு, மரவீடு கட்டி, தோட்டம் போட்டு, மீன்பிடித்துச் சொந்தக் காலில் வாழலாம் என்று கனவு காண்கிறவர்களைக் குறிவைத்தே எழுதுகிறார்கள். விளம்பரத்தில் பொய் இருக்காது. மலையும் இருக்கும், ஓடையும் இருக்கும். விலை ஏன் இவ்வளவு குறைவு என்பதை மட்டும் வாங்குகிறவர்தான் தோண்டிப் பார்க்க வேண்டும்.

இலவச நிலம் என்ற பேச்சை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். குடியேறிப் பண்படுத்துகிறவர்களுக்கு நிலம் கொடுத்த ஹோம்ஸ்டெட் சட்டம் 1976இல் முடிவுக்கு வந்தது. அலாஸ்காவுக்கு மட்டும் 1986 வரை நீட்டித்தார்கள். அந்தச் சட்டத்தின்கீழ் கடைசியாக உரிமைப் பத்திரம் வாங்கியவர் கென்னத் டியர்டார்ஃப். ஸ்டோனி ஆற்றங்கரையில் 80 ஏக்கர், 1988இல் கைக்கு வந்தது. இப்போது மாநில அரசு நிலத்தை ஏலம் விடுகிறது. அதில் கலந்துகொள்ள ஓராண்டாவது அங்கே வசித்திருக்க வேண்டும். ஏலத்தில் போகாத மனைகளை வெளியூர்க்காரரும் வாங்கலாம். ஏன் போகவில்லை என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அமெரிக்காவில் நிலம் வாங்கியதாலேயே விசா கிடைத்துவிடாது.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பாதை விஷயத்தில். வரைபடத்தில் மனையைத் தொட்டுக்கொண்டு ஒரு சாலை ஓடும். நேரில் போனால் அங்கே மரமும் சதுப்பும்தான் இருக்கும். "சட்டப்படி பாதை உண்டு" என்று பத்திரத்தில் இருந்தால், பாதைக்கென்று ஒரு பட்டையை அளந்து ஒதுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மரம் வெட்டி, மண் போட்டு, ஓடைக்குப் பாலம் கட்டுவதெல்லாம் உங்கள் பாடு. அலாஸ்காவில் பல மனைகளுக்கு வண்டிப்பாதையே குளிர்காலத்து ஆறுதான். உறைந்த ஆற்றின்மேல் ஸ்னோமெஷின் என்கிற பனிவண்டியில் போவார்கள், கோடையில் படகில் போவார்கள். பனி உடையும் வசந்தத்திலும், ஆறு உறையத் தொடங்கும் இலையுதிர்காலத்திலும் சில வாரங்களுக்கு இரண்டுமே ஓடாது. அந்த வாரங்கள் எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது. நெனானா ஊரில் டனானா ஆற்றின் பனி எந்த நாளில், எந்த நிமிடத்தில் உடையும் என்று 1917 முதல் பந்தயமே கட்டுகிறார்கள். 2013இல் மே 20 அன்று உடைந்தது. 2019இல் ஏப்ரல் 14 அன்றே உடைந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் வித்தியாசம். சிமென்ட், தகரம், அரிசி எல்லாவற்றையும் பனி இருக்கும்போதே கொண்டுபோய்ச் சேர்க்க நினைப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

பாதை உரிமை இருந்தாலும் இழுபறி வரலாம். 2002இல் ராபர்ட் ஹேல் என்பவர் தன் பெரிய குடும்பத்தோடு மெக்கார்த்தி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் 410 ஏக்கர் பழைய சுரங்க நிலம் வாங்கினார். அதைச் சுற்றிலும் ராங்கல்–செயின்ட் இலையாஸ் தேசியப் பூங்கா. ஊரிலிருந்து நிலத்துக்குச் சுமார் 13 மைல் நீளத்துக்குப் பழைய சுரங்கச் சாலை ஒன்று புதர் மண்டிக் கிடந்தது. நம் பாதைதானே என்று புல்டோசரை ஓட்டித் திறந்துவிட்டார். பூங்கா நிர்வாகம் மறித்தது, வழக்கு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. பூங்காவுக்குள் நிலம் வைத்திருப்பவருக்குப் போய்வர வழி தர வேண்டும் என்று 1980ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் நிர்வாகத்திடம் முறைப்படி அனுமதி வாங்கச் சொல்வது நியாயமே என்பதுதான் தீர்ப்பு. தேசியப் பூங்காவுக்கு நடுவில் மனை என்று விளம்பரம் சொன்னால் அழகை ரசிப்பதற்கு முன் இந்த வழக்கை நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மண். அலாஸ்காவின் உட்பகுதியில் பல இடங்களில் மேலே ஒரு முழம் மண் இளகியிருக்கும். அதற்குக் கீழே ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் பெர்மாஃப்ராஸ்ட். அதைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது மேலே போர்த்தியிருக்கும் பாசியும் மரநிழலும்தான். வீடு கட்ட வந்தவர் முதல் வேலையாக அவற்றைச் சுரண்டித் தள்ளிவிடுவார். வெயில் நேரே படும், உள்ளே இருக்கும் பனிக்கட்டி உருகும், ஓரிரு கோடையில் வீட்டின் ஒரு மூலை இறங்கும், கதவு சாத்த வராது. ஃபேர்பேங்க்ஸ் பக்கம் ஏற்றி இறக்கக்கூடிய தூண்களின்மேல் வீடுகள் நிற்பதற்குக் காரணம் இதுதான். கழிவுநீர்க் குழியும் இப்படிப்பட்ட மண்ணில் சரிவர வேலை செய்யாது.

மண்ணைப் பற்றி மரத்தைப் பார்த்தே பாதி தெரிந்துகொள்ளலாம். பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி ஒல்லியாக, குட்டையாக, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கும் கருப்பு ஸ்ப்ரூஸ் காடு என்றால் கீழே பனிக்கட்டி இருக்க வாய்ப்பு அதிகம். தெற்கு பார்த்த சரிவில் பிர்ச்சும் ஆஸ்பெனும் வளர்ந்திருந்தால் நல்ல சகுனம். மீதியை ஓர் இரும்புக் கம்பி சொல்லிவிடும். மண் அதிக ஆழம் இளகியிருக்கும் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ போய்ப் பத்து இடத்தில் குத்திப் பாருங்கள். எல்லா இடத்திலும் இரண்டடியில் 'டங்' என்று நின்றால், அந்த ஏக்கர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பிப்ரவரியில் பனி மூடிய நிலத்தைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

சாப்பாட்டுக் கணக்கும் பலருக்குத் தப்பிவிடுகிறது. ஒரு மூஸ் மானை வேட்டையாடினால் குளிர்காலம் முழுக்கக் கறி என்பது உண்மைதான். ஆனால் உள்ளூர்வாசியாக உரிமம் பெற 12 மாதம் தொடர்ந்து அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அதற்கு முன் அமெரிக்கக் குடிமகன் அனுமதிக்கு நூற்றுக்கணக்கான டாலர் கட்ட வேண்டும். வெளிநாட்டுக் குடிமகன் என்றால் வழிகாட்டியோடுதான் போக முடியும். சிட்டினா என்ற ஊரில் நீளக் கைப்பிடி வலை போட்டு சால்மன் மீன் அள்ளுவதும் உள்ளூர்வாசிக்கு மட்டும்தான். யூகான் ஆற்றில் சினூக் என்ற வகை சால்மன் மிகவும் குறைந்துபோய், அதைப் பிடிப்பதை ஏழு ஆண்டுகளுக்கு நிறுத்துவதென்று 2024இல் அலாஸ்காவும் கனடாவும் ஒப்புக்கொண்டன. ஆற்றோரம் மனை இருந்தால் மீனும் உண்டு என்று எண்ணிவிட முடியாது. தோட்டமும் அப்படித்தான். 2012இல் மாநிலக் கண்காட்சிக்கு 62 கிலோ முட்டைக்கோஸ் வந்தது பாமர் ஊரில். பாமர் 1930களிலிருந்து பண்படுத்திய விவசாயப் பள்ளத்தாக்கு, அங்கே நிலம் மலிவில்லை. மலிவாகக் கிடைக்கும் கிளெனாலன் பக்கம் கோடை நடுவிலும் உறைபனி விழலாம்.

வில்லங்கம் பார்ப்பதில் சுருக்கமாக மூன்று விஷயம். மாநிலம் விற்ற நிலத்தில் பூமிக்கடியில் உள்ள கனிமம் மாநிலத்துடையதே. தங்கம் கிடைத்தாலும் உங்களுக்கில்லை. ஆறு, ஏரிக் கரையை ஒட்டிப் பொதுவழிப் பட்டை இருக்கலாம் என்பதால், ஓடைக்கரையிலேயே வீடு என்று திட்டம் போடுவதற்கு முன் சர்வே வரைபடத்தைப் பாருங்கள். குவிட்கிளெய்ம் பத்திரம் என்றால், விற்பவர் தனக்கு உரிமை ஏதாவது இருந்தால் அதைத் தருகிறார் என்றுதான் அர்த்தம், எதற்கும் பொறுப்பேற்கவில்லை.

சாலை இல்லாத நிலத்துக்கு வங்கி பெரும்பாலும் கடன் தராது. அதனால்தான் விற்பவரே தவணை தருவதாக விளம்பரத்தில் போடுகிறார். தவணை கட்ட முடியாமல் விட்டுப்போனால் நிலம் அவரிடமே திரும்பிவிடும், அடுத்த ஆளுக்கு விற்பார். மாநிலப் பதிவு அலுவலகத்தின் பதிவுகளை இணையத்திலேயே காசில்லாமல் தேடலாம். சில ஆண்டுகளில் பலமுறை கைமாறிய மனை என்றால், முன்பு வாங்கியவர்களில் ஒருவரையாவது தேடிப்பிடித்து ஏன் விட்டுவிட்டார் என்று கேட்டுவிட்டு முன்பணத்தைப் பற்றி யோசியுங்கள்.