தண்ணீர்ப் பிரச்சினையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 மார்ச்சில் பெங்களூரு தண்ணீருக்குத் தவித்ததே, அதைப் பற்றி அக்கா மகள் கல்லூரிக்கு ஒரு ப்ராஜெக்ட் எழுதினாள். ‘உலகத் தண்ணீர்ப் பிரச்சினை: பல்துறைப் பார்வை’ என்று தலைப்பு. பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, “கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க சித்தி” என்றாள். புவியியல் பார்வை இரண்டு பக்கம், பொருளாதாரப் பார்வை இரண்டு பக்கம், அரசியல் பார்வை இரண்டு பக்கம். இலையில் சோறு ஒரு மூலை, குழம்பு ஒரு மூலை. பிசையவே இல்லை.

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். துறைகளை அடுக்கி வைத்துவிட்டால் தாமாகவே சேர்ந்துகொள்ளும் என்று நம்பிவிடுகிறோம். கேள்வியில் தொடங்குங்கள். ஊரெல்லாம் போர்வெல் வற்றிக் கிடந்தபோது டேங்கர்காரருக்கு மட்டும் எங்கிருந்து தண்ணீர் கிடைத்தது? இதற்குப் பதில் சொல்ல, விரிசல்களில் மட்டுமே நீர் தேங்கும் இந்த ஊர்க் கெட்டிப் பாறையைத் தெரிந்திருக்க வேண்டும். நிலம் யாருடையதோ அடியில் உள்ள நீரும் அவருடையதே என்கிற 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் தெரிய வேண்டும். பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்றால், ராகி விதைப்பதைவிடத் தண்ணீரை விற்பதே லாபம் என்ற கணக்கும் புரிய வேண்டும். மூன்று துறையும் அந்த ஒரு கேள்விக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

அடுத்த தவறு சட்டென்று கண்ணில் படாது. ஒரே சொல்லை ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு பொருளில் பேசும். அவள் எழுத்தில் ‘இழப்பு’ ஐந்தாறு இடத்தில் வந்தது. யாருடைய இழப்பு என்று கேட்டேன், முழித்தாள். சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து, ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரத்துக்குக் காவிரியை ஏற்றிக் கொண்டுவருகிறோம். வழியில் குழாய் ஒழுகினால் குடிநீர் வாரியப் பொறியாளருக்கு அது இழப்பு. நிலத்தடி நீரை அளப்பவருக்கு அதே ஒழுகல் வரவு. பக்கத்துத் தெரு போர்வெல்லில் மட்டம் ஏறும். தஞ்சாவூர் விவசாயியைக் கேட்டால், குழாயில் ஏறியபோதே போய்விட்டது என்பார். குளித்துத் துவைத்து நாம் விட்ட தண்ணீரில் ஒரு பகுதி பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. காவிரியில் எடுத்ததைத் தென்பெண்ணையில் விடுகிறோம். இதை எந்தத் துறையின் வரவு செலவில் எழுதுவது? சொல்லுக்குப் பொருள் பேசி முடிக்காமல் புள்ளிவிவரத்துக்குப் போகாதீர்கள்.

‘எல்லாம் பருவநிலை மாற்றம்’ என்று ஒரே வரியில் முடிப்பதும் உண்டு. 2023-ல் பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ வந்தது, மழை பொய்த்தது, சரி. ஆனால் மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கும் இடம் தர்மாம்புதி ஏரி, கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. அவற்றை பசிபிக் கடல் வந்து மூடவில்லை.

இன்னொரு தவறு, உணர்ச்சியைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவது. காவிரிப் பங்கீட்டின் டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) அளவு, 1892, 1924 ஒப்பந்தங்கள், 2018 தீர்ப்பில் பெங்களூருக்கென ஒதுக்கிய 4.75 டி.எம்.சி. எல்லாம் எழுதியிருந்தாள். 1991 டிசம்பர் கலவரத்துக்கு ஒரு வரிகூட இல்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்ததும் இங்கே தமிழர்களுக்கு எதிராக மூண்ட கலவரம் அது. அல்சூர் ஏரிப் பக்கம் சாக்கு மூடிக் கிடந்த வள்ளுவர் சிலை 2009-ல்தான் வெளிச்சம் பார்த்தது. இந்த ஊரில் தண்ணீர்ப் பங்கீடு ஏன் நிபுணர் மேசையோடு முடிவதில்லை என்பது இதையெல்லாம் படிக்காமல் புரியாது.

மறுவாரம் வந்தாள். பழைய தலைப்புகள் அத்தனையையும் அடித்திருந்தாள். முதல் பக்கத்தில் கெலவரப்பள்ளி நுரையின் படம், அதற்குக் கீழே ஒரே ஒரு கேள்வி: “இந்தத் தண்ணீர் எங்கிருந்து கிளம்பியது?”