மாரி மழைக்குள்ளும் சூரியனைப் பார்க்கலாம்: சுவாலையும் வீச்சும் அலைநீளம் அலைநீளமாக

மார்கழியில் மட்டக்களப்பில் சூரியனைக் காண்பதே அபூர்வம். வாவியும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடக்கும். ஆனால் சூரியனில் நடப்பவற்றைப் பார்க்க வெயில் தேவையில்லை. ஒரு லப்டொப்பும் கொஞ்சம் டேட்டாவும் போதும். நல்ல வெயிலில் கல்லடிக் கடற்கரையில் போய் நின்றாலும் இவற்றில் பெரும்பாலானவை தெரியாது. எக்ஸ் கதிரையும் குறுகிய அலைநீளக் கழியூதாக் கதிரையும் வளிமண்டலம் மேலேயே விழுங்கிவிடுகிறது. (வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கவே வேண்டாம். கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம், புகை படிந்த கண்ணாடி எதுவும் கண்ணைக் காப்பாற்றாது.)

தொடங்கும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். சுவாலை வேறு, பிழம்பு வீச்சு வேறு. முறுக்கேறிய காந்தப்புலக் கோடுகள் அறுந்து மீள இணையும்போது பாயும் ஒளிதான் சுவாலை. எட்டு நிமிடம் சொச்சத்தில் நம்மிடம் வந்துவிடும். பிழம்பு வீச்சு என்பது பொருள். கோடிக்கணக்கான தொன் பிளாஸ்மா கிளம்பி வருவது. பூமிப் பக்கம் திரும்பியிருந்தால் வந்துசேரப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாள் எடுக்கும். செய்திகளில் இரண்டையும் ‘சூரியப் புயல்’ என்று ஒரே சட்டியில் போட்டுக் கிளறிவிடுகிறார்கள். நாம் இரண்டு நாட்களை எடுத்து, பிரித்துப் பார்ப்போம்.

படி 1: நேரத்தைச் சரியாகப் போடுங்கள்

விண்கலங்கள் எடுத்த சூரியப் படங்களைக் காட்டும் ஹீலியோவியூவர் இணையதளத்தைத் திறவுங்கள். காசில்லை, கணக்கும் தொடங்க வேண்டாம். நாம் எடுக்கப்போகும் படங்களில் பெரும்பாலானவை நாசா 2010 பெப்ரவரி 11இல் ஏவிய எஸ்.டி.ஓ. விண்கலத்தினுடையவை. திகதி 2011 ஜூன் 7, நேரம் 06:41.

இங்கேதான் நான் முதன்முதலில் சறுக்கினேன். அந்தச் சுவாலை உச்சம் தொட்டது நம் நேரப்படி நண்பகல் 12.11க்கு. நானும் 12:11 என்றே போட்டு, எல்லாம் அடங்கிப்போன சூரியனை அரை மணி நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தளத்தில் இருப்பது சர்வதேச நேரம். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் கழித்துப் போடுங்கள்.

படி 2: 304இல் தொடங்குங்கள்

படத்தட்டுப் (லேயர்) பட்டியலில் ஏ.ஐ.ஏ. 304ஐத் தெரிவுசெய்யுங்கள். ஏ.ஐ.ஏ. என்பது எஸ்.டி.ஓ.விலுள்ள படக்கருவி. எண் ஆங்ஸ்ட்ரோம் (மீற்றரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) கணக்கில் அலைநீளம். சூரியன் சிவப்பாக வரும். அந்த நிறம் நாசா பூசியது, உண்மையானதல்ல. 304இல் தெரிவது ஏறத்தாழ 50,000 பாகை வெப்பத்தில் இருக்கும் ஈலியம். 06:00 முதல் 09:00 வரை வீடியோ ஒன்று உருவாக்கி ஓட விடுங்கள்.

வலப்பக்கம், கீழ்ப்புறத்தில் ஒரு வெளிச்சம். அதிலிருந்து கரும்பிழம்பு கிளம்பி விரியும். வாவியில் வீச்சுவலை எறிபவரைப் பார்த்திருப்பீர்களே, வலை காற்றில் குடைபோல் அகன்று பிறகு தண்ணீரில் சொரியுமே, அப்படியேதான். ஒரு பகுதி வெளியே போய்விடும். மிச்சம் துண்டு துண்டாகச் சூரியன் மேலேயே திரும்பி விழும். விழுந்த இடங்கள் பளிச்சிடுவதைத் தவறவிடாதீர்கள்.

படி 3: தட்டை மாற்றுங்கள்

இப்போது அதே நேரத்தை 171இல் பாருங்கள். பொன்னிற வளைவுகள் தெரியும். எட்டு இலத்திரன்களை இழந்த இரும்பு, சுமார் 6 இலட்சம் பாகையில் இந்த ஒளியைத் தருகிறது. வீசப்பட்ட பிழம்பு இதிலும் கறுப்பாகவே தெரியும். குளிர்ந்து அடர்ந்திருப்பதால் பின்னாலிருந்து வரும் ஒளியை அது உறிஞ்சிவிடுகிறது. ‘குளிர்ந்து’ என்றால் சூரியக் கணக்கில்தான்.

அப்புறம் 131. சுவாலைக்கென்றே உள்ள தட்டு என்று நான் இதைச் சொல்வேன். இருபது இலத்திரன்களை இழந்த இரும்பு ஒரு கோடி பாகையில் ஒளிர்வதை இது காட்டும். 1600ஐயும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள், கீழே சுவாலையின் பாதங்கள் தெரியும்.

கடைசியாக சோஹோ விண்கலத்தின் லாஸ்கோ சி2 கமரா. இது சூரியனை ஒரு தட்டால் மறைத்துவிட்டுச் சுற்றுப்புறத்தை மட்டும் காட்டும். 7 மணிக்குப் பிந்திய படங்களில் பெரிய குமிழி ஒன்று வெளியேறுவது தெரியும். இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் அந்தச் சுவாலையின் தரம் வெறும் எம்2.5.

படி 4: எதிர்மாறான நாள்

தரம் என்றால் அமெரிக்காவின் கோஸ் வானிலைச் செயற்கைக்கோள்கள் அளக்கும் எக்ஸ் கதிரின் வலு. ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று எழுத்துக்கு எழுத்து பத்து மடங்கு ஏறும்.

2014 ஒக்டோபர் 24, 21:41 என்று போடுங்கள் (நமக்கு 25 அதிகாலை 3.11). தரம் எக்ஸ்3.1, முன்னையதைவிட ஏறத்தாழ 12 மடங்கு. 131இல் கண் கூசும். அக்காவின் மகனுக்குக் காட்டினபோது அவன் கேட்ட முதல் கேள்வி, “என்ன மாமா, நடுவில சிலுவை மாதிரிக் கிடக்கு?” நல்ல கேள்வி. அது சூரியனில் இல்லை. கருவியின் முன்வடிகட்டியைத் தாங்கும் நுண்வலையில் ஒளி சிதறுவதால் வரும் கோடுகள். வெளிச்சம் மிஞ்சும்போது துலக்கமாகத் தெரியும்.

பிறகு சி2க்குப் போனோம். ஒரு படம், இரண்டு படம், பத்துப் படம். “ஒண்டும் வரல்லயே மாமா.” வராது. இந்தச் சுவாலை கிளம்பிய சூரியப்புள்ளிக் கூட்டத்துக்கு எண் 12192. அந்த மாதம் ஆறு எக்ஸ் தரச் சுவாலைகளைக் கக்கியும் அவற்றோடு பிழம்பு வீச்சு எதுவும் கிளம்பவில்லை. மேலே கவிந்திருந்த வலுவான காந்தப்புலம் மூடிபோல் அமுக்கி வைத்துவிட்டது.

படி 5: இன்றைக்கு நடப்பது

அமெரிக்க விண்வெளி வானிலை முன்னறிவிப்பு மையத்தின் தளத்தில் எக்ஸ் கதிர் வரைபைத் திறந்து வையுங்கள். கோடு எம் தரத்தைத் தாண்டினால் நேரத்தைக் குறித்து 131க்குப் போங்கள்; சி2 படங்களுக்குச் சில மணித்தியாலம் பொறுங்கள். வலுவான சுவாலை நம் பகல் வேளையில் வந்தால் சிற்றலை வானொலித் தொடர்பு சற்று நேரம் மங்கலாம். ஆழ்கடல் வள்ளத்தில் அந்தக் கருவி வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

மார்ச், செப்டெம்பர் பக்கங்களில் படம் திடீரென இருண்டால் லப்டொப்பைத் தட்டாதீர்கள். எஸ்.டி.ஓ.வுக்கும் சூரியனுக்கும் நடுவில் பூமி வந்திருக்கும். அதிகம் போனால் ஒன்றேகால் மணித்தியாலத்தில் விலகிவிடும்.