முதலில் எண்ணுங்கள், பிறகு தடுங்கள்

தொலைவிலிருந்த ஒரு ரவுட்டரில், எந்தப் பாக்கெட்டை (தரவுத் துண்டை) விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்லும் வடிகட்டி விதிகளை அமல்படுத்திய மறுநொடியே என் திரை உறைந்து நின்றது. எல்லாவற்றையும் மறுக்கும் விதியைக் கடைசியில் ஒழுங்காகப் போட்டிருந்தேன். நான் உள்ளே வந்த வழியை அனுமதிக்கும் விதியைத்தான் மறந்துவிட்டேன். நள்ளிரவில் நேரில் போய், கன்சோல் கேபிளைச் செருகித்தான் மீட்டேன். அன்றிலிருந்து என் வேலையின் வரிசை மாறியது: முதலில் போக்குவரத்தின் கணக்கு, அடுத்து வடிகட்டி, கடைசியில்தான் வேகக் கட்டுப்பாடு.

கணக்கை, போர்ட்டில் கடந்துபோகும் பைட்டுகளை எண்ணும் எண்ணியிலிருந்து தொடங்குங்கள். அது 64 பிட் எண்ணியா என்று பாருங்கள். 32 பிட் எண்ணி ஒரு கிகாபிட் இணைப்பு நிரம்பி ஓடும்போது சுமார் 34 விநாடிகளில் சுழன்று பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால் கிடைப்பது கணக்கல்ல, கற்பனை. யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதற்கு, அதைப் பதிவு செய்யும் முறைகளான நெட்ஃப்ளோ அல்லது ஐபிஃபிக்ஸ் வேண்டும். ஆயிரத்தில் ஒரு பாக்கெட்டை மட்டும் மாதிரி எடுக்கும் பதிவு, பெருந்தீனிக்காரரைக் காட்டிக்கொடுக்கும். அதை வைத்துக் கட்டண ரசீது மட்டும் போடாதீர்கள். இன்னொன்று: போர்ட் எண்ணி பாக்கெட்டைச் சுற்றியுள்ள ஈத்தர்நெட் உறையையும் சேர்த்து எண்ணுகிறது, நெட்ஃப்ளோ ஐ.பி. பாக்கெட்டை மட்டுமே எண்ணுகிறது. மிகச் சிறிய 64 பைட் சட்டகத்தில் (உறையோடு சேர்ந்த பாக்கெட்டில்) 18 பைட் உறைதான். வாடிக்கையாளரும் நீங்களும் வெவ்வேறு எண்ணைக் காட்டிச் சண்டை போடுவது பெரும்பாலும் இங்கேதான். எதை எண்ணுகிறீர்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஒரு வாரமாவது எண்ணியபின் வடிகட்டிக்கு வாருங்கள். விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். பொதுவாக, முதலில் பொருந்தும் விதியோடு பேச்சு முடிந்தது. கடைசி விதியை உடனே மறுப்பாக வைக்காமல், எண்ணியோடு கூடிய அனுமதியாக வைத்துச் சில நாட்கள் கவனியுங்கள். நீங்கள் எதிர்பாராத ஏதோ ஒன்று அதில் கட்டாயம் வந்து விழும். எனக்கு ஒவ்வொரு முறையும் விழுந்திருக்கிறது. அதற்கு இடம் கொடுத்தபின் மறுப்பாக மாற்றுங்கள். வாடிக்கையாளர் பக்கமிருந்து அவருக்குச் சொந்தமில்லாத மூல முகவரியோடு வரும் பாக்கெட்டுகளை மட்டும் தயங்காமல் தடுக்கலாம், இணைய நெறிமுறை ஆவணமான ஆர்.எஃப்.சி. 2827 இதை 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது.

ரவுட்டர்கள் பிழைச் செய்திகளை அனுப்பும் ஐ.சி.எம்.பி.யை மொத்தமாக அடைப்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. ‘பாக்கெட் பெரிது, சிறிதாக்கு’ என்ற செய்தி அதில்தான் வருகிறது. அதை அடைத்தால் இணைப்பு ஏற்படும், சிறிய பக்கங்கள் திறக்கும், பெரிய கோப்பு பாதியில் தொங்கும். காரணம் தெரியாமல் மூன்று நாள் போகும். ஐ.பி.யின் புதிய பதிப்பான ஐ.பி.வி6இல் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் அங்கே வழியிலுள்ள ரவுட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்குவதே இல்லை.

அமல்படுத்தும்போது தானாகப் பின்வாங்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஜூனிப்பர் ரவுட்டர்களின் மென்பொருளான ஜூனோஸில் ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ கொடுத்தால், 10 நிமிடத்துக்குள் நீங்கள் உறுதிசெய்யாதபோது பழைய அமைப்பு திரும்பிவிடும். எனக்கு அந்த நள்ளிரவுப் பயணம் மிச்சமாகியிருக்கும்.

வேகக் கட்டுப்பாட்டில் இரண்டு வகை: போலீசிங் அளவை மீறியதைத் தூக்கி எறியும், ஷேப்பிங் வரிசையில் நிறுத்திவைக்கும். வெளியே போகும் பக்கத்தில் நான் ஷேப்பிங்கையே வைப்பேன், அதுவும் இணைப்பின் வேகத்துக்குச் சற்றுக் கீழே: 100 மெகாபிட்டுக்கு 95. அப்போதுதான் நெரிசல் உங்கள் ரவுட்டரில் உருவாகும். அடுத்த பெட்டியில் உருவானால் உங்கள் முன்னுரிமை விதிகளை அங்கே மதிக்க ஆளில்லை. குரல் அழைப்புகளுக்கு, பாக்கெட்டின் முன்னுரிமையைச் சொல்லும் டி.எஸ்.சி.பி. 46 குறியிட்டு முன்னுரிமை வரிசை கொடுங்கள், ஆனால் அதற்கும் ஓர் உச்சவரம்பு வையுங்கள். இல்லையென்றால் யாரோ தம் கோப்புகளுக்கும் அதே குறியை ஒட்டி மற்றவர்களைப் பட்டினி போடுவார்.

பிறகு வரிசை வாரியாகக் கைவிடப்பட்ட பாக்கெட்டுகளைப் பாருங்கள். நெரிசல் நேரத்தில் சாதாரண வரிசையில் அந்த எண் மெல்ல ஏறி, குரல் வரிசையில் பூஜ்யமாகவே நின்றால், அதற்குமேல் நான் அந்த ரவுட்டரைத் தொடுவதில்லை.