உயர்ந்து நின்ற வலது பக்கம்: என் அனுபவம்

என் 1992ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் முன்னால் இடப்புறம் தாழ்ந்தே நின்றது. செந்தூலில், மட்டமான தரையில் நிறுத்தி, டயர் காற்றைச் சமமாக்கி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்தேன். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் அளவில் கலந்துவிடும். வலது 347 மி.மீ., இடது 335.

ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்றே எல்லாரும் சொன்னார்கள். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். வித்தியாசம் அசையவில்லை, ஸ்பிரிங்மேல் பழியில்லை! இடவலச் சக்கரங்களைப் பிணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் இணைப்பைக் கழற்றியும் அதே கதை.

பிறகுதான் நினைவு வந்தது: வலப்புறக் கீழ்க்கையின் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்ப்புறக் கை) மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களைச் சென்ற ஆண்டு பட்டறையில் மாற்றியிருந்தேன். குனிந்து விளக்கடித்தேன். புத்தம்புது ரப்பர் துணி பிழிந்ததுபோல் முறுகியிருந்தது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். அந்த முறுக்கு வண்டியை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. இடது தாழவில்லை, வலதுதான் உயர்ந்திருந்தது.

அந்த போல்ட்டுகளே சக்கரக் கோணத்தையும் தீர்மானிப்பவை. அவற்றின் நிலையை வெள்ளைப் பெயின்ட்டால் குறித்துக்கொண்டு, காரைச் சாய்தளத்தில் ஏற்றி, முழு எடையும் சக்கரங்களில் இருக்கத் தளர்த்தினேன். நான்கைந்து முறை அழுத்தி விட்டு, அப்படியே இறுக்கினேன். வலது 336. மறுநாளே அலைன்மென்ட்டும் பார்த்துவிட்டேன்.