காலை 4 மணி விழிப்பும் இரண்டு எண்களும்

மூன்று மாதமாகக் காலை 4 மணிக்கே விழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கமும் வராது, எழவும் முடியாது. இரத்தச் சோகை, தைராய்டு என்று நினைத்து கோலாலம்பூரின் செந்தூலில் இரத்தப் பரிசோதனை செய்தேன். எல்லாம் சரியாக இருந்தது. சத்து மாத்திரை, ஜிம் சந்தா (போனது இரண்டே நாள்), கேமரன் மலைப் பயணம், எதுவும் உதவவில்லை. கடைசியில் அரசு கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி, மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தத்தை அளக்கும் டாஸ்-21 என்ற 21 கேள்வித் தாளை நிரப்பி, டாக்டரிடம் பேசிய பிறகுதான் மனச்சோர்வு என்று தெரிந்தது.

டாக்டர் கொடுத்த மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள், ஆனது. கூடவே மனநல ஆலோசகர் ஓர் அட்டவணை கொடுத்தார். குளிப்பது, பிரிக்பீல்ட்ஸில் இறங்கி தோசை சாப்பிடுவது மாதிரி சின்ன வேலைகளை நேரம் போட்டு எழுதி, மனம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த நேரத்தில் செய்துவிட வேண்டும். இரண்டு வாரம் செய்தும் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் நான் முடித்த பிறகு மட்டும் எவ்வளவு பிடித்தது என்று மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். செய்வதற்கு முன்பே ‘எவ்வளவு பிடிக்கும்’ என்று 10-க்கு ஓர் எண் எழுதச் சொல்லியிருந்ததை விட்டுவிட்டேன். அதையும் எழுதிப் பார்த்தால் முன்பு 1, பின்பு 4. மறுநாளும் கிட்டத்தட்ட அப்படியே. மூளை முன்கூட்டியே பொய் சொல்வது தாளில் அப்பட்டமாகத் தெரிந்தது, அப்பாடா என்றிருந்தது. இப்போது 6 மணி வரை தூங்குகிறேன். குளியலுக்கு மட்டும் முன்மதிப்பு இன்னும் 2-தான்.