விர்ச்சுவல் மெஷின் டிஸ்க்கை பெருசாக்கியும் விண்டோஸ் கண்டுக்கலையா? இதைப் படிங்க

சேலம் செவ்வாய்ப்பேட்டையில மாமா வெள்ளிக் கொலுசு பட்டறை வச்சிருக்கார். அங்க உபுண்டு போட்ட ஒரு கம்ப்யூட்டர், அதுக்குள்ள விர்ச்சுவல்பாக்ஸ்ல (கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, ஓட்டற சாஃப்ட்வேர்) விண்டோஸ் 10, அதுக்குள்ள பில்லிங் சாஃப்ட்வேர். ஆரம்பத்துல 50 ஜிபி தாராளமா போதும்னு போட்டுக் குடுத்த மகராசன் நான்தான். போன வாரம் போன் வருது, "மாப்ள, சி டிரைவ் செவப்பா காட்டுது, பில்லு சேவ் ஆக மாட்டேங்குது, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ". பத்து நிமிஷ வேலைன்னு சாயங்காலம் போனவன் வீட்டுக்கு வரும்போது ராத்திரி 11 மணி. அதனால நீங்களாவது சீக்கிரம் முடிங்கன்னு எழுதுறேன்.

விர்ச்சுவல்பாக்ஸ் எப்படி இன்ஸ்டால் பண்றதுங்கறதெல்லாம் இங்க சொல்லப் போறதில்ல.

ஸ்டெப் 1: ஒழுங்கா ஆஃப் பண்ணுங்க, காப்பி எடுங்க

சேவ் ஸ்டேட்ல (ஓடுற மெஷினை அப்படியே உறைய வச்சு மூடறது) நிறுத்திட்டு டிஸ்க்ல கை வைக்காதீங்க. விண்டோஸ்குள்ள போய் ஷிஃப்ட் கீயை அமுக்கிட்டே ஷட் டவுன் குடுங்க. ஷிஃப்ட் எதுக்குன்னா, சும்மா ஷட் டவுன் குடுத்தா ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் புண்ணியத்துல அது பாதி தூக்கத்துலதான் இருக்கும், அப்புறம் ஜிபார்ட்டெட்ல (டிஸ்க் பார்ட்டிஷனை நகர்த்தற சாஃப்ட்வேர், ஸ்டெப் 4ல வரும்) போனா சி டிரைவ் பக்கத்துல மஞ்சள் முக்கோணம் வரும். ஆஃப் ஆனதும் அந்த மெஷினோட ஃபோல்டர் மொத்தத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க்ல காப்பி போட்டுடுங்க. நேரமாகும், பரவால்ல, மாமாவோட மூணு வருஷக் கணக்கு போச்சுன்னா நான் அந்தத் தெருப்பக்கம் தலை காட்ட முடியாது.

ஸ்டெப் 2: ஸ்லைடர்

விர்ச்சுவல்பாக்ஸ்ல டூல்ஸ், அதுல மீடியா, உங்க டிஸ்க்கை செலக்ட் பண்ணி கீழ சைஸ் ஸ்லைடரை இழுத்து அப்ளை. நான் 100 ஜிபி வச்சேன். ஒரு செகண்ட்ல முடிஞ்சிடும். கூட்டத்தான் முடியும், அப்புறம் குறைக்க முடியாது, அதனால ஆசைக்கு 500ன்னு இழுத்து விடாதீங்க.

ஸ்டெப் 3: நான் மாட்டுன இடம்

மெஷினை ஆன் பண்ணி டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தா அதே 50 ஜிபி. காலி இடம்னு ஒரு கறுப்புப் பட்டை வரணுமே, அதையே காணோம். மீடியா லிஸ்ட்ல போய் பாத்தா 100ன்னு காட்டுது. ரீஸ்டார்ட், திரும்ப ரீஸ்டார்ட், மாமா டீ வாங்கிட்டு வந்து பின்னாடியே நின்னு பாக்கறார், எனக்கு வேர்க்குது.

விஷயம் என்னன்னா ஸ்னாப்ஷாட், அதாவது பின்னாடி வேணும்னா திரும்பிப் போக மெஷினோட அப்போதைய நிலையைப் பதிஞ்சு வைக்கறது. ரெண்டு வருஷம் முன்னாடி ஏதோ அப்டேட்டுக்கு பயந்து ஒண்ணு எடுத்து வச்சிருந்தேன், மறந்தே போச்சு. ஸ்னாப்ஷாட் எடுத்த நிமிஷத்துல இருந்து மெஷின் மூல டிஸ்க்ல எழுதறதில்ல, அதுக்கு மேல தனியா ஒரு குட்டி ஃபைல் போட்டு அதுலதான் எழுதும், அந்தக் குட்டிக்கு பழைய 50ங்கற சைஸ்தான். நான் பெருசாக்குனது அடியில கிடக்கற மூலத்தை, விண்டோஸ் பாக்கறது மேல இருக்கற குட்டியை. மீடியா லிஸ்ட்ல உங்க டிஸ்க் பேருக்கு முன்னாடி சின்ன அம்புக்குறி இருந்தா அதை விரிச்சுப் பாருங்க, உள்ள குட்டி இருக்கும்.

இதுக்கு ரெண்டு வழி. ஸ்னாப்ஷாட்டை டெலீட் பண்ணலாம், டெலீட்னு பேரே தவிர டேட்டா போகாது, குட்டி மூலத்தோட கலந்துடும், ஆனா அதுக்கு வெளி கம்ப்யூட்டர்ல (நம்ம உபுண்டு பக்கம்) காலி இடம் வேணும், பாதியில கரண்ட் போனா அம்புட்டுதான். எனக்குப் பிடிச்சது ரெண்டாவது, ஃபுல் க்ளோன், அதாவது மெஷினையே முழுசா நகல் எடுக்கறது. இப்ப இருக்கற நிலையை மட்டும் க்ளோன் பண்ணா குட்டி எதுவும் இல்லாம ஒரே டிஸ்க்கா வரும், பழசு அப்படியே பத்திரமா இருக்கும். க்ளோன் பண்ணும்போது மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டோட அடையாள எண்) எல்லாத்தையும் அப்படியே வச்சுக்கோன்னும் ஹார்ட்வேர் ஐடியை மாத்தாதேன்னும் டிக் பண்ணிடுங்க, இல்லாட்டி லைசென்ஸ் கேட்டு சாஃப்ட்வேர் அடம் பிடிக்கலாம். பழைய மெஷின், க்ளோன் ரெண்டையும் ஒரே நேரத்துல ஆன் பண்ணிடாதீங்க.

க்ளோன் ஓடுற நேரத்துல நான் போய் ஒரு தட்டுவடை செட் சாப்ட்டு வந்தேன், வந்தும் பாதிதான் ஆகியிருந்துச்சு. முடிஞ்சதும் புது டிஸ்க்குக்கு ஸ்டெப் 2 மறுபடியும்.

ஸ்டெப் 4: நடுவுல உக்காந்திருக்கற குடிசை

இப்ப கறுப்புப் பட்டை வந்துடுச்சு. சி டிரைவ் மேல ரைட் கிளிக் பண்ணா எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கிக் கிடக்கு. ஏன்னா சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவுல ரெகவரி பார்ட்டிஷன் (விண்டோஸ் கெட்டுப்போனா சரி பண்றதுக்கான பகுதி). விண்டோஸ் 10ல 2004 வெர்ஷன்ல இருந்து புதுசா இன்ஸ்டால் பண்ணா அதை சி டிரைவுக்குப் பின்னாடியேதான் போடும். ஒட்டி இருக்கற மனையைத்தான் சேத்துக்க முடியும், நடுவுல அடுத்தவன் குடிசை இருந்தா எப்படி?

அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல, போன்ல சொல்ற மாதிரியே சொல்றேன், ரீஏஜென்ட்சி, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ் டிசேபிள் (reagentc /disable). அப்புறம் மறுபடி ஷிஃப்ட்டோட ஷட் டவுன். ஜிபார்ட்டெட் லைவ் ஐஎஸ்ஓவை மெஷின்ல சிடி மாதிரி மாட்டி அதுல பூட் பண்ணுங்க (ஈஎஃப்ஐ மெஷின்னா ஆன் ஆகும்போதே எஸ்கேப் கீயைத் தட்டிட்டே இருங்க, நான் மூணு தடவை விட்டேன்). திறந்ததும் டிஸ்க்ல இடம் மிச்சம் இருக்கு, சரி பண்ணட்டான்னு கேக்கும், ஃபிக்ஸ் குடுங்க. ரெகவரியை செலக்ட் பண்ணி மூவ்ல வலது ஓரத்துக்குத் தள்ளுங்க, பின்னாடி காலி இடம் 0ன்னு வரணும், அப்ளை. இந்த நேரம் கரண்ட் போகவே கூடாது, மாசாந்திர பராமரிப்பு என்னிக்குன்னு பாத்துட்டு, யூபிஎஸ்ஸும் நம்பற மாதிரி இருந்தா மட்டும் உக்காருங்க.

ஐஎஸ்ஓவைக் கழட்டிட்டு விண்டோஸ்ல போங்க, எக்ஸ்டெண்ட் வால்யூம் பளிச்சுன்னு இருக்கும். சி டிரைவை ஜிபார்ட்டெட்லயே பெருசாக்கலாம்தான், ஆனா விண்டோஸ் வீட்டை விண்டோஸே இடிச்சுக் கட்டட்டும்னு விட்டுடுவேன். கடைசியா ரீஏஜென்ட்சி, ஸ்லாஷ் எனேபிள் (reagentc /enable). ஃப்ரீன்னு போட்டிருக்கற பார்ட்டிஷன் சாஃப்ட்வேர் பக்கம் போகாதீங்க, பலதும் எல்லாத்தையும் செட் பண்ண விட்டு அப்ளை குடுக்கறப்பதான் காசு கேக்கும்.

அப்டேட்: ஏற்காட்டுல இருந்து ஒருத்தர் எழுதியிருந்தார், எஸ்டேட் ஆபீஸ் லேப்டாப்பாம், இதெல்லாம் பண்ணி ரெண்டு நாள் நல்லா ஓடி, திடீர்னு மெஷின் பாஸ் (pause) ஆகி நிக்குதுன்னு. லேப்டாப்ல மொத்தமே 20 ஜிபிதான் காலியாம், உள்ள 60 ஜிபி கூட்டி விட்டிருக்கார். டைனமிக் டிஸ்க் எழுத எழுதத்தான் வளரும், அதனால ஸ்லைடரை இழுக்கறப்ப யாரும் தடுக்க மாட்டாங்க, வெளிய இடம் தீர்ந்த அன்னிக்குத்தான் நிக்கும். பயந்து பவர் ஆஃப் பண்ணிடாதீங்க. லேப்டாப்ல பழைய வீடியோவை எல்லாம் வேற எங்கயாவது மாத்தி இடம் பண்ணிட்டு, மெஷின் மெனுவுல பாஸ்ங்கற டிக்கை எடுத்தா விட்ட இடத்துல இருந்து ஓடும். அவருக்கு ஓடிடுச்சு.